பழைய கேரவனில் லே-லடாக் ட்ரிப்: ஏறுவதை விட இறங்குவது ஏன் ஆபத்து? கிளம்பும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

உங்க நண்பர்கள் வாட்ஸ்ஆப் குரூப்பில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது வந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் கல்யாண டிரிப்பும் கோயில் டூரும் ஓடிய ஒரு டெம்போ டிராவலரை மூணு நாலு பேர் சேர்ந்து வாங்குவது. சீட்டைக் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கட்டில், சின்ன அடுப்பு மேடை, தண்ணீர் டேங்க், கூரையில் சோலார். ஜூனில் லீவு போட்டு மனாலி, லே. ரூம் வாடகை மிச்சம், நினைச்ச இடத்துல நிறுத்தித் தூங்கலாம்.

இந்தப் பிளானை யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "அவ்வளவு உயரம் இந்த வண்டி ஏறுமா?" என்பதுதான். பெரும்பாலும் ஏறிவிடும். நல்ல நிலையில் இருக்கும் பழைய டீசல் இன்ஜின், முதல் கியரில் முக்கி முனகியாவது கணவாயைத் தொட்டுவிடும். ஏற முடியாத வண்டி ஓரமாக நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கத்தில் நிற்க முடியாத வண்டிக்கு அந்த வசதி கிடையாது.

அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பிரேக்கைப் பற்றியும், நீங்க ஏற்றிக்கொண்டு போகும் எடையைப் பற்றியும், ராத்திரி வண்டிக்குள் சுவாசிக்கும் காற்றைப் பற்றியும்தான். எங்கே போட்டோ நல்லா வரும் என்பதற்கு இன்ஸ்டாகிராம் இருக்கிறது.

கடைசி 25 கிலோமீட்டரில் என்ன நடக்கிறது?

அடல் சுரங்கப்பாதையின் தெற்கு வாசல் கடல் மட்டத்திலிருந்து 3,060 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மனாலி சுமார் 2,050 மீட்டர். இடைப்பட்ட தூரம் ஏறக்குறைய 25 கிமீ. லடாக்கில் இருந்து திரும்பி வருகிறவர்கள், பெரிய கணவாய்களை எல்லாம் தாண்டியாச்சு, இனி தார் ரோடுதான் என்ற நிம்மதியில் இந்த இடத்துக்கு வருவார்கள்.

இப்போ ஒரு சின்ன கணக்கு. உங்க வண்டியின் எடை 3,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியே போக வேண்டிய ஆற்றல் சுமார் 34 மெகா ஜூல். புரிகிற மாதிரி சொன்னால், 100 லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்க வைக்க ஆகும் வெப்பம். கொஞ்சம் காற்றின் எதிர்ப்பில் போகும், கொஞ்சம் டயர் உராய்வில் போகும். மீதியை இன்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும். மூணாவது இடம் கிடையாது.

நாலாவது, அஞ்சாவது கியரில் பிரேக்கை லேசாக மிதித்தபடியே இறங்கினால் அத்தனை வெப்பமும் டிஸ்க்கிலும் டிரம்மிலும் ஏறுகிறது. அப்புறம் இரண்டு விதத்தில் பிரேக் கைவிடும். முதலாவது, சூடேறிய லைனிங்கின் பிடிப்பு குறைவது. பெடல் கட்டியாகவே இருக்கும், ஆனால் வண்டி நிற்காது. இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிப்பது. ஆயில் குமிழி விட்டால் பெடல் பஞ்சு மாதிரி தரையைத் தொடும்.

பழைய வண்டியில் இந்த இரண்டாவது வகைக்கு வாய்ப்பு அதிகம். காரணம், பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரி. டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. முன்னாடி வைத்திருந்தவர் கடைசியாக எப்போ பிரேக் ஆயில் மாற்றினார் என்று கேட்டுப் பாருங்க. "குறையும்போது ஊத்திக்குவோம்" என்று பதில் வந்தால், மாற்றவே இல்லை என்று அர்த்தம். முழுசாக வடித்துவிட்டு, வண்டி எந்த வகையைக் கேட்கிறதோ அந்தப் புது ஆயிலை ஊற்றி ஏர் எடுப்பது அரை நாள் வேலை. ட்ரிப்புக்குச் செய்யும் செலவிலேயே உருப்படியான செலவு இதுதான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. பெடலை லேசாக்கும் வாக்குவம் பூஸ்டர் வெளிக்காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. 5,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியை விடக் கொஞ்சம்தான் அதிகம். அதனால் பூஸ்டர் கொடுக்கிற உதவியும் ஏறக்குறைய பாதியாகிவிடும். டாங்லாங் லா உச்சியில் பெடல் திடீரென்று கல்லு மாதிரி இருந்தால் பயப்பட வேண்டாம், அழுத்தி மிதியுங்க. ஆனால் வண்டியைப் பழகாத நண்பரிடம் முதல்முறையாக ஸ்டியரிங்கைக் கொடுக்கும் இடம் அதுவாக இருக்கக் கூடாது.

சரி, எப்படித்தான் இறங்குவது? மலை ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்கள் காலங்காலமாகச் சொல்கிற விதிதான்: ஏறின கியரிலேயே இறங்கணும். செகண்டில் ஏறிய ஏற்றம் என்றால் செகண்டிலேயே இறக்கம். இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் பார்த்தால் கியர் விழாமல் நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. பிரேக்கைத் தடவிக்கொண்டே வராமல், வேகம் கூடும்போது ஒரு தடவை நன்றாக மிதித்து 20 கிமீ வரை குறைத்து, காலை முழுசாக எடுத்துவிடுங்க. மறுபடி கூடட்டும், மறுபடி மிதிக்கலாம். நடுவில் காற்றுப் பட்டு ஆற நேரம் கிடைக்கும்.

டீசல் மிச்சம் பண்ணுகிறேன் என்று நியூட்ரலில் போட்டு, அதுவும் இன்ஜினை ஆஃப் பண்ணி இறக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பூஸ்டருக்கு வாக்குவம் கிடையாது. இரண்டு மூணு மிதிக்குப் பிறகு பிரேக் உங்க கால் பலத்தில் மட்டும்தான். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும். 50 ரூபாய் டீசலுக்கு இது தேவையா என்று நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

கருகிய வாசனை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்க. அரை மணி நேரம் டீ குடிக்கலாம். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விடும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டு டயருக்குக் கல் வையுங்க. கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நடு ரோட்டில் விட்டுவந்த கல், பின்னாடி இருட்டில் பைக்கில் வருகிறவரைத் தூக்கி எறிந்துவிடும்.

முதலில் எடை மேடைக்குப் போங்க

மேலே சொன்ன கணக்கில் 3,500 கிலோ என்பது நாம் வைத்துக்கொண்ட எண். உங்க வண்டியின் உண்மையான எடை என்ன? இதற்குப் பதில் தெரிந்த கேரவன் ஓனர்கள் குறைவு.

உள்வேலையில் எடை ஏறுவதே தெரியாது. 18 மிமீ பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று கிட்டத்தட்ட 35 கிலோ. கட்டில், கப்போர்டு, பார்ட்டிஷன் என்று எட்டு ஷீட் போட்டால் 280 கிலோ. தண்ணீர் 150 லிட்டர் என்றால் 150 கிலோ. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிற மாதிரி டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும், இரண்டு வைத்தால் நூறு. கேஸ் சிலிண்டர், பாத்திரம், ஸ்டெப்னி, நாலு பேரின் பை. கடைசியில் அந்த நாலு பேர்.

ஆர்சியில் வண்டியின் வெற்று எடையும், சுமையோடு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் போட்டிருக்கும். தண்ணீர் நிரப்பி, டீசல் நிரப்பி, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஹைவேயில் இருக்கும் எந்த லாரி எடை மேடையிலும் ஏற்றிப் பாருங்க. சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். அப்படியே பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு எடை எடுங்க. கேரவனில் தண்ணீர் டேங்கும் பேட்டரியும் பெரும்பாலும் பின்னாடிதான் போகும். மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சு மட்டும் திணறலாம். பின் பாரம் கூடினால் முன் டயரின் பிடிப்பு குறையும், கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங் லேசாகி வழுக்கும்.

எடை கூடியிருந்தால் முதலில் தூக்க வேண்டியது தண்ணீர். இந்த ரூட்டில் ஒவ்வொரு தாபாவிலும் தண்ணீர் கிடைக்கும். 150 லிட்டரைச் சுமந்துகொண்டு 5,300 மீட்டர் ஏறி இறங்குவதில் எந்த லாபமும் இல்லை. 40 லிட்டர் போதும்.

டயரையும் அங்கேயே பார்த்துவிடலாம். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், ஆறேழு வருஷம் தாண்டிய டயரில் ரப்பர் இறுகிப் போயிருக்கும். ஜூனில் வட இந்தியச் சமவெளியின் 45 டிகிரி வெயிலில் ஃபுல் லோடோடு ஓடும்போது வெடிப்பது இதுதான். மலைக்கு வருவதற்கு முன்பே ட்ரிப் முடிந்துவிடும்.

ரேடியேட்டர் ஒரு பிரஷர் குக்கர்

ஏற்றத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடலாம். 5,000 மீட்டரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 83 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கர் இல்லாமல் சோறு வேகாததற்கு இதுதான் காரணம். இன்ஜினின் வழக்கமான வேலை வெப்பமே 80-லிருந்து 95 டிகிரி. அப்படியென்றால் கூலன்ட் ஏன் கொதிப்பதில்லை?

ரேடியேட்டர் மூடிதான் காரணம். அது குக்கர் மூடி மாதிரியே உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. நல்ல மூடி இருந்தால் அந்த உயரத்திலும் சுமார் 110 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் காய்ந்து போயிருந்தால் கேஸ்கட் போன குக்கர் கதைதான். சென்னையிலோ பெங்களூருவிலோ அந்தக் குறை தெரியவே தெரியாது, பாரலாச்சா லா ஏறும்போதுதான் பொங்கும். சில நூறு ரூபாய்ப் பொருள், புதுசாகவே மாற்றிவிடுங்க. கூடவே ஹோஸ் பைப், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட். பழைய பெல்ட்டைத் தூக்கிப் போடாமல் ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம்.

ஏறும்போது டெம்பரேச்சர் முள் எழுந்தால் ஏசியை அணைத்து, கேபின் ஹீட்டரை ஃபுல்லாகப் போடுங்க. கொஞ்சம் வெப்பத்தை அது உள்ளே இழுத்துக்கொள்ளும். வேர்க்கும், பரவாயில்லை. அப்படியும் ஏறினால் நிறுத்துங்க. மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது, குக்கருக்குச் சொல்கிற அதே காரணம்.

காற்று மெலிவதால் டர்போ இல்லாத இன்ஜின் கணவாய் உச்சியில் பாதி பலத்தை இழந்த மாதிரி இருக்கும். டர்போ இருந்தால் இழப்பு குறைவு. ஆக்சிலேட்டரை மேலும் மேலும் மிதித்தால் கறுப்புப் புகைதான் கூடும், வேகம் கூடாது. பழைய வண்டிக்கு இங்கே ஒரு சாதகமும் உண்டு. 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் இருக்கும் புகை வடிகட்டி, சென்சார் தொல்லைகள் பழசில் கிடையாது. கீலாங்கில் இருக்கிற மெக்கானிக் ஸ்பேனரை வைத்தே சரிசெய்துவிடுவார், லேப்டாப் கேட்க மாட்டார்.

ஆர்சி, இன்சூரன்ஸ், டெல்லி சிக்கல்

சீட்டைக் கழற்றிக் கட்டில் போடுவது ஏதோ வீட்டு வேலை என்று நினைத்துவிடாதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்சியில் இருக்கும் உற்பத்தியாளரின் அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏஐஎஸ்-124 என்ற தர விதி இருக்கிறது. செகண்ட் ஹேண்டாக வாங்கும்போது, உள்ளே எவ்வளவு அழகாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன் ஆர்சியில் வண்டியின் வகை என்ன என்று பாருங்க. "13 சீட்" என்று இருந்து உள்ளே கிச்சன் இருந்தால், விபத்து நடந்த அன்றைக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

சொந்த உபயோகப் பதிவு என்றால் 15 வருஷம் செல்லும், பிறகு தகுதிப் பரிசோதனையோடு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். டிராவல்ஸ் வண்டியாக, மஞ்சள் போர்டில் இருந்தால் எஃப்சி, பர்மிட், மாநிலம் மாநிலமாக வரி என்று கதை வேறு. லைசென்ஸ் பற்றி ஒரு நல்ல செய்தி: 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளை சாதாரண எல்எம்வி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

தெற்கிலிருந்து போகிறவர்களுக்குப் பெரிய தலைவலி டெல்லி. தலைநகர் மண்டலத்தில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகளுக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. 2025 ஆகஸ்டில், வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று சொன்ன அதே நீதிமன்றம், டிசம்பரில் அந்தப் பாதுகாப்பு பிஎஸ்-4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. 2013-ல் பதிவான டீசல் வேன் பிஎஸ்-3 ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊருக்குள் நுழையாமல் பைபாஸில் போனால் தப்பிக்கலாம் என்பதும் சரியில்லை. பானிபட், கர்னால் மாவட்டங்களும் இந்த மண்டலத்துக்குள்தான் வருகின்றன. ராஜஸ்தானிலிருந்து ஹிசார், பட்டியாலா பக்கமாகச் சுற்றுவது கொஞ்சம் தூரம், ஆனால் நிம்மதி. கிளம்பும் வாரத்தில் இருக்கும் நிலவரத்தைக் கண்டிப்பாகப் பார்த்துக்கோங்க.

எந்தப் பக்கம் ஏறுவது, எங்கே தூங்குவது?

கேரவனின் பெரிய வசதியே இங்கே வில்லனாகிறது. எங்கே வேண்டுமானாலும் தூங்கலாம் என்பதால், எங்கே இருட்டுகிறதோ அங்கேயே தூங்கிவிடுவோம். மனாலி ரூட்டில் இருட்டுகிற இடம் பெரும்பாலும் சர்ச்சு, அல்லது பாங். சர்ச்சு சுமார் 4,290 மீட்டர், பாங் 4,600.

3,000 மீட்டருக்கு மேலே போனால், தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது மலை மருத்துவ வல்லுநர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. முந்தைய ராத்திரி கீலாங்கில், அதாவது சுமார் 3,100 மீட்டரில் தூங்கிவிட்டு, மறுநாள் சர்ச்சுவில் படுத்தால் ஒரே தாவலில் ஏறக்குறைய 1,200 மீட்டர். தலைவலி, வாந்தி, தூக்கமின்மை வருவது சகஜம். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது ஒரே மருந்து கீழே இறங்குவது. நடுராத்திரியில், கடா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, பழைய வண்டியில்.

ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி தங்கி, சர்ச்சுவில் தூங்காமல் ஒரே நாளில் லே போய்விடலாம் என்பார்கள். புது எஸ்யுவிக்கு அது சரி. 300 கிமீக்கு மேல், சராசரி 25-30 கிமீ வேகத்தில் போகும் உங்க வேனுக்கு அது 12 மணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே என் சாய்ஸ் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மனாலி வழியாக இறங்குவது. ஸ்ரீநகர் 1,600 மீட்டர், கார்கில் 2,700, லே 3,500. உடம்பு படிப்படியாகப் பழகும். இன்ஜினுக்கும் இது சுலபம். ஸோஜி லா 3,528 மீட்டர்தான், ஆனால் ரோடு கரடுமுரடு. போலீஸ் குறிப்பிட்ட நேரங்களில் ஒரு பக்கமாகத்தான் விடுவார்கள் என்பதால் முந்தின நாளே சோனமார்க்கில் விசாரிச்சுக்கோங்க. லே-யில் மூணு நாலு நாள் இருந்துவிட்டுத் திரும்பும்போது சர்ச்சுவில் ஒரு ராத்திரி படுத்தால் உடம்பு தாங்கும். அப்புறம் பாரலாச்சா லா 4,890-லிருந்து ஜிஸ்பா 3,200 வரை நீண்ட இறக்கம், கடைசியில் அந்த 25 கிமீ. மேலே படித்ததெல்லாம் அங்கேதான் வேலைக்கு ஆகும்.

தலைவலி: உயரமா, விஷவாயுவா?

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில், ரோட்டோரமாக நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழைந்ததே காரணம் என்று தெரியவந்தது. மலையும் இல்லை, குளிரும் இல்லை. கடலோர ஊர், மெயின் ரோடு.

இதை சர்ச்சுவில் வைத்து யோசிங்க. வெளியே ஜூனிலும் ராத்திரி உறைநிலைக்குப் பக்கம். ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும். யாரோ ஒருத்தர் "அடுப்பை சிம்மில் வச்சா கதகதன்னு இருக்கும்" என்பார். கொஞ்ச நேரத்தில் தலைவலி, குமட்டல், சோர்வு. எல்லோரும் இதை உயர நோய் என்றே நினைப்பீர்கள், ஏனென்றால் இரண்டுக்கும் அறிகுறி ஒன்றேதான். மாத்திரை போட்டுவிட்டுப் படுத்தால் எழுந்திருக்க மாட்டீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஏற்கெனவே ஆக்சிஜன் குறைந்த காற்றில் அது இன்னும் சீக்கிரம் ஆளைச் சாய்க்கும்.

வண்டிக்குள் தூங்கும்போது எரிகிற எதுவும் இருக்கக் கூடாது. அடுப்பு, கரிக் கங்கு, கேஸ் ஹீட்டர், ஜெனரேட்டர், ஐடிலில் ஓடும் இன்ஜின், எதுவுமே. நல்ல ரஜாய், ஸ்லீப்பிங் பேக், சுடுதண்ணீர் பை போதும். இரண்டு ஜன்னலில் விரல் அளவு சந்து விடுங்க. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றைத் தலைமாட்டு உயரத்தில் மாட்டுங்க, ஆன்லைனில் கிடைக்கிறது. கழுத்துத் தலையணை விலையோடு ஒப்பிட்டு யோசிக்காதீங்க.

பழைய வண்டிக்கு இன்னொன்றும் உண்டு. துருப்பிடித்த சைலன்சர் பைப், தரைத் தகட்டில் ஓட்டை. இரண்டும் சேர்ந்தால் ஓடும்போதே புகை உள்ளே வரும், பின்னால் படுத்துத் தூங்குகிறவருக்குத்தான் முதலில் பாதிப்பு. வண்டியை லிப்ட்டில் ஏற்றி அடியில் பார்க்கச் சொல்லுங்க.

யாருக்காவது தலைவலி என்றால் முதல் வேலை, எல்லோரும் வெளியே வந்து நிற்பது. குளிர்ந்தாலும் பரவாயில்லை. கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் காற்றில்தான் கோளாறு, அந்த வண்டிக்குள் மறுபடி படுக்கக் கூடாது. தெளியாவிட்டால் இறங்கும் வழியைப் பாருங்க.

டீசல், ஓடை, மழை

கீலாங்குக்குச் சற்று முன் தாந்தி பங்கில், அடுத்த பங்க் 365 கிமீ என்று ஒரு புகழ்பெற்ற பலகை இருக்கும். லே பக்கத்திலிருந்து வந்தால் காரூவில் நிரப்பிவிட வேண்டும். மலையில் லிட்டருக்கு ஆறு கிமீ கொடுக்கும் வேனுக்கு இந்த இடைவெளிக்கு 60 லிட்டர் தேவை. டேங்க் அதற்குப் போதாதென்றால் கேன் எடுத்துக்கோங்க, ஆனால் தூங்கும் இடத்தில் வைக்காதீங்க.

பனி உருகி ரோட்டைக் கடக்கும் ஓடைகளில் காலையில் தண்ணீர் கணுக்காலளவு இருக்கும், மதியத்துக்கு மேல் முழங்காலைத் தாண்டும். அஞ்சு மணிக்குக் கிளம்பி இரண்டு மணிக்குள் நிறுத்துவது நல்லது. ஈரமான பிரேக்கோடு இறக்கத்தில் நுழையாதீங்க, கடந்ததும் இரண்டு மூணு தடவை லேசாக மிதித்துக் காய வையுங்க. குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது சாலை விதி. எதிரே ராணுவ கான்வாய் வந்தால் விதியை யோசிக்காமல் ஒதுங்கிவிடுங்க.

ஜூலை, ஆகஸ்டில் லடாக் வெயிலாகத்தான் இருக்கும். சிக்கல் அதற்குக் கீழே, மண்டி-குலு-மனாலி பகுதியில். 2023 ஜூலையில் பியாஸ் ஆறு அங்கே ஹைவேயையே அடித்துக்கொண்டு போனது. ஜூன் பாதிக்குள் அல்லது செப்டம்பரில் போக லீவு கிடைக்குமா பாருங்க.

போகலாமா, திரும்பலாமா?

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு சோதனை ஓட்டம் போங்க. ஃபுல் தண்ணீர், ஃபுல் ஆட்கள், ட்ரிப்புக்கு எடுத்துப் போகும் எல்லாச் சாமானோடும். தெற்கில் இருக்கிறவர்களுக்கு சேலத்திலிருந்து ஏற்காடு அருமையான பரீட்சை மைதானம். 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். அடல் சுரங்கம்-மனாலி இறக்கத்துக்கு இது குறைந்ததில்லை. சண்டிகர் பக்கம் இருந்தால் கசௌலி. கீழே வந்து நின்றதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்க, தொடாதீங்க. ஒரு சக்கரம் மட்டும் மற்றதை விட அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெடல் பஞ்சாக இருந்தால் ஆயில். டெம்பரேச்சர் முள் மேலே ஏறியிருந்தால் இந்த வண்டி லடாக் போகவில்லை, மெக்கானிக்கிடம் போகிறது.

ஸ்ரீநகர் வழி அமையாமல் மனாலி வழியாகவே ஏறுகிறீர்கள் என்றால் கீலாங்கில் ஒரு முழு நாள் நின்று இதே கேள்விகளை மறுபடி கேளுங்க. வண்டியிலோ ஆளிலோ சந்தேகம் இருந்தால், வேனை அங்கேயே ஒரு கெஸ்ட் ஹவுஸ் முற்றத்தில் விட்டுவிடலாம். கோடை சீசனில் ஹிமாச்சல் அரசுப் பேருந்து அங்கிருந்து லேவுக்குப் போகிறது. முன் சீட் கிடைத்தால் விடாதீங்க. இறக்கத்தில் அந்த டிரைவரின் வலது கால் பிரேக்கை எத்தனை தடவை தொடுகிறது, இடது கை எப்போது கியருக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே வரலாம்.